விலை சரிந்தால் ரேஸ் ஃபிக்ஸ் ஆகிவிட்டதா?

வாசகர் கேள்வி: சில வருடங்களாகக் குதிரைப் பந்தயங்களைக் கவனித்து வருகிறேன், அளவாகப் பணமும் கட்டுவேன். சமீபத்தில் ஒரு ரேஸில், டோட்டில் (எல்லாரும் கட்டும் பணத்தை ஒரே பூலில் சேர்த்து, ஜெயித்தவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் முறை) 1-க்கு 12 என்று இருந்த குதிரை கடைசிப் பத்து நிமிடத்தில் மூன்று சொச்சத்துக்கு இறங்கியது. ஜெயித்தும் விட்டது. அதிகப் பணம் விழுந்திருந்த ஃபேவரிட் குதிரை ஐந்தாவதாக வந்தது. அதே லாயத்துக் குதிரைகளில் இதே கதையை மூன்று முறை பார்த்துவிட்டேன், ஸ்கிரீன்ஷாட் எல்லாம் வைத்திருக்கிறேன். இது ஃபிக்சிங்தானே? பணம் இப்படிப் பாயும் குதிரையைப் பார்த்து நானும் கட்டலாமா? அல்லது ஜாக்கி பெயரைப் போட்டு எங்கள் குழுவில் எழுதிவிடலாமா?

பதில்: வணக்கம். முதல் கேள்விக்குத்தான் நிறைய எழுத வேண்டியிருக்கிறது, அதைத் தப்பாகப் புரிந்துகொண்டால் மற்ற இரண்டும் தானாகத் தப்பாகிவிடும். பந்தயப் பணத்தின் போக்கைக் கண்காணிப்பதுதான் என் வேலை. என் திரைக்கு வரும் எச்சரிக்கைகளில் பெரும்பாலானவை நீங்கள் எழுதியது மாதிரிதான் இருக்கும்: விலை (ஒன்று கட்டினால் எவ்வளவு கிடைக்கும் என்ற கணக்கு) சரிந்தது, குதிரை ஜெயித்தது. அவற்றில் அநேகத்தை ஒரு காரணம் எழுதி மூடிவிடுவோம். மூடி மறைக்க இல்லை, காரணம் நிஜமாகவே இருக்கும்.

நீங்கள் பார்த்த சரிவையே எடுத்துக்கொள்வோம். ஒரு சின்ன டோட் பூலில் மொத்தம் 10,000 சேர்ந்திருக்கிறது என்று வையுங்கள், எந்த நாட்டுப் பணமாகவும் இருக்கட்டும். நடத்துபவர் 20 சதவீதம் எடுத்துக்கொள்கிறார், மிச்சம் 8,000. உங்கள் குதிரை மேல் கட்டியிருப்பது 600. வகுத்தால் ஒன்றுக்கு 13 வரும், கட்டிய ஒன்றைக் கழித்தால் நீங்கள் பார்த்த 1-க்கு 12. இப்போது ஒரே ஒரு ஆள் வந்து 1,500 கட்டுகிறார். பூல் 11,500 ஆகிறது, கழிவு போக 9,200, குதிரை மேல் 2,100. வகுத்துப் பாருங்கள், 4.38. கட்டியதைக் கழித்தால் மூன்று சொச்சம். அவ்வளவுதான் விஷயம். பெரிய கும்பலோ சதியோ தேவையில்லை, கொஞ்சம் கை தாராளமான ஒரே ஒரு ஆள் போதும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த ஆளுக்குக் குதிரை ஜெயிக்கப்போவது உறுதியாகத் தெரியும் என்றே வைத்துக்கொள்வோம். பழைய விலையிலேயே கிடைத்திருந்தால் 1,500-க்கு 20,000 கைக்கு வந்திருக்கும். அவர் கட்டியதாலேயே விலை இறங்கி 6,500 சொச்சம்தான் வருகிறது. சின்ன பூலில் பெரிய பணம் கட்டுகிறவன் தன் லாபத்தைத் தானே தின்கிறான். விவரம் தெரிந்த மோசடிக்காரன் அதைச் செய்யமாட்டான். விலை கண்ணுக்குத் தெரிகிற மாதிரி சரிகிறது என்பதே, கட்டியவர் அவ்வளவு கெட்டிக்காரர் இல்லை என்பதற்குப் பாதி அத்தாட்சி.

அப்புறம் சாதாரணக் காரணங்கள் இருக்கவே இருக்கின்றன: வேறொரு குதிரை கடைசி நேரத்தில் விலக்கப்பட்டிருக்கும், மழை பெய்து தரை இளகியிருக்கும், ஜாக்கி மாறியிருப்பார், ரேஸுக்கு முன் குதிரைகளை நடத்திக் காட்டும் பேடக்கில் ஃபேவரிட் வியர்த்து வழிந்துகொண்டு நிலைகொள்ளாமல் நடந்ததை நாலு பேர் பார்த்திருப்பார்கள், அல்லது ஒரு பிரபல டிப்ஸ்டர் கைகாட்டியிருப்பார். இவை போக, இப்போது பல நாடுகளில் கம்ப்யூட்டர் வைத்துக் கட்டும் பெரிய குழுக்கள் ஓட்டம் தொடங்கும் கேட் திறக்கச் சில விநாடிகள் இருக்கும்போதுதான் மொத்தப் பணத்தையும் இறக்குகின்றன. பல இடங்களிலிருந்து வரும் பணம் மைய பூலில் சேர்ந்து புதிய விலை திரைக்கு வருவதற்குள் குதிரைகள் ஓட ஆரம்பித்திருக்கும். ஓடும்போதே முன்னணிக் குதிரையின் விலை விழுவதைப் பார்த்துவிட்டு, கேட் திறந்த பிறகும் யாரோ பணம் கட்டுகிறார்கள் என்று கொதிக்கிறவர்கள் அமெரிக்காவில் ஏராளம். பணம் முன்பே கட்டப்பட்டதுதான், திரைதான் பின்தங்கியது. (அந்தக் குழுக்களுக்குக் கிடைக்கும் சலுகைகள் நியாயமா என்று கேட்டால் என் பதில் வேறு மாதிரி இருக்கும், ஆனால் அது மோசடி இல்லை.)

சரி, அப்படியென்றால் எதைத்தான் சந்தேகப்படுவது? ஜெயித்த குதிரையை விட்டுவிட்டு, தோற்ற ஃபேவரிட்டைப் பாருங்கள்.

ஒரு குதிரையை ஜெயிக்க வைப்பது கஷ்டம். மற்ற குதிரைகள் எல்லாம் அதற்கு ஒத்துழைக்க வேண்டும். தோற்க வைப்பதற்கு ஒரே ஒரு ஆள் போதும். கேட்டில் கொஞ்சம் தாமதம், ஆரம்பத்தில் அளவுக்கு மீறிப் பின்னால் பிடித்து வைப்பது, இடைவெளி இருந்தும் வெளிப்பக்கமாகச் சுற்றிப் போவது, அவ்வளவுதான். முன்பெல்லாம் ஒரு குதிரை தோற்பதால் காசு பார்ப்பவர் என்றால் அநேகமாக புக்கி ஒருவர்தான். 2000-இல் பெட்ஃபேர் மாதிரியான எக்ஸ்சேஞ்சுகள் (ஒருவருக்கு எதிராக இன்னொருவர் நேரடியாகப் பணம் கட்டும் இணையச் சந்தைகள்) வந்ததும் யார் வேண்டுமானாலும் 'இந்தக் குதிரை ஜெயிக்காது' என்று கட்டலாம் என்று ஆனது, அதற்கு 'லே' என்று பெயர். பிரிட்டனில் குதிரையின் சொந்தக்காரர் தன் குதிரைக்கு எதிராகவும், ட்ரெய்னர் தன் லாயத்துக் குதிரைகளுக்கு எதிராகவும் லே செய்யக் கூடாது என்று விதி வைத்ததற்கு இதுதான் காரணம். ஜாக்கிக்கோ எந்தப் பக்கமும் பணம் கட்ட அனுமதி கிடையாது.

லே கட்டுகிற பணம் சந்தேகத்துக்குரியது என்றும் நான் சொல்லவில்லை. தினமும் பலர் கட்டுகிறார்கள், பலர் நஷ்டப்படுகிறார்கள். எனக்கு உறுத்துவது, விலையைப் பற்றிக் கவலையே படாத பணம். ஒரு குதிரையின் விலை எக்ஸ்சேஞ்சில் 4 என்று இருக்கிறது (இங்கே கட்டிய ஒன்றையும் சேர்த்தே விலை சொல்வார்கள்), அதாவது லே செய்பவர் 500 சம்பாதிக்க 1,500-ஐப் பணயம் வைக்க வேண்டும். சாதாரண ஆள் 4-ஐத் தாண்டி ஒரு புள்ளிகூட அதிகம் கொடுக்க யோசிப்பார். திடீரென்று ஒருவர் வந்து 5-க்குக் கொடுக்கிறார், 6-க்குக் கொடுக்கிறார், எதிரில் வாங்க ஆள் இருக்கும் வரை கொடுத்துக்கொண்டே போகிறார். 6-க்குக் கொடுத்தால் அதே 500-க்கு 2,500 பணயம். குதிரை ஜெயித்துவிடுமோ என்ற பயம் இருக்கிறவர் செய்கிற காரியமா இது?

அதோடும் முடிந்துவிடாது. அடுத்து அந்தக் கணக்கைத் திறந்து பார்ப்போம். நான் சொல்லப்போவது ஒரு மாதிரிக் கணக்குதான், யாருடையதும் இல்லை. திறந்து மூன்று வாரம் ஆகிறது. முதல் இரண்டு வாரம் கால்பந்தில் 10, 20 என்று கட்டியிருக்கிறார், ஒப்புக்கு. அப்புறம் ஒரு ரேஸில் ஒரே குதிரைக்கு எதிராக 2,000. குதிரை தோற்றது. பத்து நாள் மௌனம். மறுபடி ஒரு லே, வேறு ஊர், வேறு குதிரை, ஆனால் அதே ஜாக்கி. பணம் வந்த பேங்க் கார்டு இன்னொரு கணக்கிலும் இருக்கிறது, அந்தக் கணக்கும் அதே இரண்டு ரேஸில் லே செய்திருக்கிறது, இரண்டும் ஒரே ஃபோனிலிருந்து. உங்கள் திரையில் இதில் ஒன்றுமே தெரியாது. ஃபேவரிட்டின் விலை 4-லிருந்து 5-க்குப் போனது மட்டும்தான் தெரியும், அதை நீங்கள் ஸ்கிரீன்ஷாட் எடுத்திருக்கவே மாட்டீர்கள்.

நான் திரும்பத் திரும்பச் சொல்ல வருவது இதைத்தான்: விலை என்ன ஆனது என்பதைவிட, கட்டியது யார், எப்படிக் கட்டினார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

கட்டிய விதமே ஆளைக் காட்டிக்கொடுத்ததற்கு 2002-ஐ விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. அமெரிக்காவில் அந்த வருட பிரீடர்ஸ் கப் என்ற பெரிய பந்தய விழா, ஆர்லிங்டன் பார்க் மைதானம். ஆறு ரேஸில் ஆறு வின்னரையும் சொல்ல வேண்டிய பிக் சிக்ஸ். கடைசி ரேஸை 1-க்கு 43 விலையில் இருந்த வோல்போனி ஜெயித்தது. ஆறையும் சரியாகச் சொன்ன டிக்கெட்டுகள் மொத்தமே ஆறு, ஆறும் ஒரே ஆளுடையது, மதிப்பு 30 லட்சம் டாலருக்கு மேல். அதிர்ஷ்டம் என்று விட்டிருப்பார்கள். ஆனால் டிக்கெட்டின் வடிவத்தைப் பாருங்கள்: முதல் நான்கு ரேஸில் ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு குதிரை, கடைசி இரண்டு ரேஸில் ஓடும் எல்லாக் குதிரைகளும். நான்கு ரேஸில் துளி சந்தேகம் இல்லாதவருக்கு, அடுத்த இரண்டில் ஒரு குதிரையைக்கூட விலக்கத் தெரியவில்லை! அந்த நான்கில் ஒன்றை ஜெயித்த டோம்டிரைவர் யாரும் பெரிதாக எதிர்பார்க்காத குதிரை, அதையும் தனிக் குதிரையாக எழுதியிருந்தார். போதாததற்கு அதே டிக்கெட்டை ஆறு தடவை எடுத்திருந்தார். பூலை இயக்கிய கம்ப்யூட்டர் நிறுவனத்தின் ஊழியர் ஒருவர், நான்கு ரேஸ் முடிந்த பிறகுதான் டிக்கெட் விவரங்கள் மைய பூலுக்கு அனுப்பப்படும் என்பதைத் தெரிந்துகொண்டு, முடிவு வந்தபின் நண்பனின் டிக்கெட்டில் குதிரை எண்களை மாற்றியிருந்தார். குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள், பணம் அவர்கள் கைக்குப் போகவே இல்லை. கவனியுங்கள், இதில் எந்த ஜாக்கிக்கும் சம்பந்தமில்லை, எந்தக் குதிரையும் தப்பாக ஓடவில்லை.

விலையை மட்டும் பார்த்தால் எப்படி ஏமாறுவோம் என்பதற்கு இரண்டு பழைய கதைகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1984, பிரிஸ்பேனில் ஈகிள் ஃபார்ம் மைதானம். ஃபைன் காட்டன் என்ற சாதாரணக் குதிரையின் பெயரில் போல்ட் பெர்சனாலிட்டி என்ற நல்ல குதிரையை ஓட்டினார்கள். நிறம் பொருந்தவில்லை என்று முடிச்சாயம் பூசி, கால்களுக்கு வெள்ளைப் பெயின்ட் அடித்திருந்தார்கள். விலை 1-க்கு 33-லிருந்து 2-க்கு 7 (அதாவது 1-க்கு மூன்றரை) என்று விழுந்தது, காரணம் விஷயம் ஊரெல்லாம் கசிந்திருந்ததுதான். குதிரை ஜெயித்தது, கூட்டம் ஆள்மாறாட்டம் என்று கத்தியது, பெயின்ட் வழிந்துகொண்டிருந்தது. தகுதி நீக்கம்.

இன்னொன்று 1975, அயர்லாந்தில் பெல்லூஸ்டவுன். பார்னி கர்லி என்ற பந்தயக்காரரின் குதிரை யெல்லோ சாம். நாடு முழுக்கப் பல பந்தயக் கடைகளில் ஆட்களை அனுப்பிச் சின்னச் சின்னத் தொகையாகக் கட்டினார்கள். கடைகள் கொடுப்பது மைதானத்தின் கடைசி விலையைத்தான். மைதானத்தில் இருந்தது ஒரே ஒரு பொது ஃபோன். கர்லியின் ஆள் ஒருவர் அந்த ஃபோனைப் பிடித்துக்கொண்டு, சாகக் கிடக்கும் அத்தையோடு பேசுவதாக நடித்துக்கொண்டே நின்றார். வெளியே கடைக்காரர்கள் மைதானத்துக்குத் தகவல் சொல்ல முடியவில்லை, விலை 1-க்கு 20-ஐ விட்டு நகரவே இல்லை. 3 லட்சம் பவுண்டுக்கு மேல் கிடைத்தது. எரிச்சலில் ஒரு பவுண்டு நோட்டுகளாக 108 பைகளில் கொடுத்தார்கள் என்பார்கள். அன்றைய கணக்கில் அவர்கள் எந்தச் சட்டத்தையும் மீறவில்லை. நல்ல குதிரை தன் திறமைக்கு ஓடி ஜெயிக்கும் என்று நம்பி அதன் மேல் கட்டுவது தப்பில்லை. (முந்தைய ரேஸ்களில் வேண்டுமென்றே அதை மந்தமாக ஓட்டியிருந்தால் அது தப்பு. திறமைக்குத் தகுந்தபடி ஓட்டித்தான் ஆக வேண்டும் என்பது எந்த மைதானத்திலும் அடிப்படை விதி.) ஆக, அப்பட்டமான மோசடியில் விலை சரிந்தது, நேர்த்தியாகத் திட்டம் போட்டதில் விலை அசையவே இல்லை. இதில் நீங்கள் எந்த ஸ்கிரீன்ஷாட்டை வைத்து என்ன முடிவுக்கு வருவீர்கள்?

இப்போது அந்த மூன்று ரேஸ். நான் உங்களிடம் கேட்பது ஒன்றுதான்: அதே லாயத்துக் குதிரைகளின் விலை இப்படிச் சரிந்தும் தோற்றது எத்தனை தடவை? நீங்கள் அதைக் குறித்து வைத்திருக்கமாட்டீர்கள், யாருமே குறிப்பதில்லை. நாம் மேலே போட்ட கணக்கில் கடைசியில் பூலில் அந்தக் குதிரை மேல் இருந்தது ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவு. சந்தை சரியாகக் கணித்திருந்தால் அப்படிப்பட்ட குதிரை ஏறக்குறைய ஐந்தில் ஒரு தடவை ஜெயிக்கும், முதலில் இருந்த விலைப்படி பார்த்தால் ஏறக்குறைய 17-க்கு ஒரு தடவைதான். கடைசி விலை முதல் விலையைவிட நிஜத்துக்குக் கிட்டே இருக்கும், ஏனென்றால் தகவல் உள்ளவர்களின் பணம் கடைசியில்தான் வருகிறது. எனவே விலை சரிந்த குதிரைகள் அடிக்கடி ஜெயிப்பது சந்தை ஒழுங்காக வேலை செய்வதன் அடையாளம். ஒரு வருடத்துக்கு அந்த லாயத்தின் எல்லா ஓட்டங்களையும் எடுத்து, சரிந்து ஜெயித்தவை, சரிந்து தோற்றவை, ஏறித் தோற்றவை, ஏறி ஜெயித்தவை என்று நாலாகப் பிரியுங்கள். அதற்குப் பிறகும் உறுத்தினால் எனக்கு எழுதுங்கள், ஆவலாகப் படிப்பேன்.

இவ்வளவும் பார்த்து, கணக்குகளும் தொடர்புகளும் சந்தேகமாகவே இருந்தாலும் குற்றம் நிரூபணம் ஆகிவிடாது. 2007-இல் லண்டனில் ஓல்ட் பெய்லி குற்றவியல் நீதிமன்றத்தில் கீரன் ஃபாலன் வழக்கு நடந்தது. ஆறு முறை பிரிட்டிஷ் சாம்பியன் ஜாக்கி, 27 ரேஸில் சதி என்று குற்றச்சாட்டு, எக்ஸ்சேஞ்சில் லே செய்த கணக்குகள், ஃபோன் பதிவுகள் என்று பெட்டி பெட்டியாக ஆவணங்கள். கடைசியில் அந்த ரேஸ்களில் அவரே ஓட்டியவற்றில் ஜெயித்த விகிதம் அவருடைய வழக்கமான விகிதத்தைவிட அதிகம் என்பது வெளியே வந்தது. தோற்பதற்குக் காசு வாங்கியவர் வழக்கத்தைவிட அதிகமாக ஜெயிப்பாரா? அரசுத் தரப்பு சாட்சியங்கள் முடிந்ததுமே, பதில் சொல்ல வேண்டிய அளவுக்கு வழக்கு இல்லை என்று நீதிபதி எல்லாரையும் விடுவித்துவிட்டார். பணத்தின் தடம் எங்கே தேட வேண்டும் என்று காட்டும். என்ன நடந்தது என்பதை ரேஸ் வீடியோ, ஜாக்கிக்குக் கொடுத்த உத்தரவு, கால்நடை மருத்துவர் அறிக்கை, குதிரையின் பழைய ஓட்டங்கள் இவைதான் சொல்ல வேண்டும். உங்கள் ஃபேவரிட் ஐந்தாவதாக வந்ததற்கு மூக்கில் ரத்தம் கசிந்தது என்றோ லாடம் கழன்றது என்றோ ஸ்டூவர்டு (ரேஸை மேற்பார்வையிடும் அதிகாரி) அறிக்கையில் இரண்டு வரி இருக்கலாம். அதைப் படித்தீர்களா?

அடுத்த கேள்வி, பணம் பாயும் குதிரை மேல் கட்டலாமா. வேண்டாம். டோட்டில் உங்களுக்குக் கிடைப்பது கடைசி விலை, நீங்கள் பார்த்துக் கட்டும்போது அந்தத் தகவலின் மதிப்பு ஏற்கெனவே விலையில் ஏறிவிட்டது, உங்கள் பணமும் சேர்ந்து அதை இன்னும் இறக்கும், நடத்துபவரின் கழிவு தனி. சரிவைப் பார்த்துக் கட்டுகிறவர் அடுத்தவர் சாப்பிட்டு முடித்த பந்தியில் போய் உட்காருகிறார். இது ஃபிக்ஸ்தான் என்று மனதார நம்பியே கட்டுகிறீர்கள் என்றால், நாளை விசாரணையில் அந்த ரேஸில் கட்டியவர்கள் பட்டியலில் உங்கள் பெயரும் வரும், அப்போது நீங்கள்தான் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும்.

இதையொட்டி ஒரு எச்சரிக்கை, நீங்கள் கேட்கவில்லை என்றாலும். இப்படிச் சந்தேகத்தோடு பேசும் குழுக்களில்தான் 'ஃபிக்ஸ் ஆன ரேஸ், உறுதியான தகவல்' என்று விற்கிறவர்கள் வந்து சேருவார்கள். எட்டுக் குதிரை ஓடும் ரேஸுக்கு எட்டுக் குழுவுக்கு எட்டுப் பெயரை அனுப்புவார்கள், ஒரு குழுவுக்கு நிச்சயம் சரியாக வரும், அடுத்த முறை அந்தக் குழுவையே எட்டாகப் பிரிப்பார்கள். இரண்டு தடவை சரியாக வந்ததைப் பார்த்தவர் மூன்றாவது தடவை கேட்ட பணத்தைக் கொடுப்பார். அவர்களிடம் குதிரையும் இல்லை, ஜாக்கியும் இல்லை.

ஜாக்கி பெயரைப் போட்டு எழுதுவதா? கூடவே கூடாது. ஆதாரமில்லாமல் எழுதினால் அவதூறு வழக்கு உங்கள் மேல் வரும், அது ஒரு பக்கம். நிஜமாகவே ஏதாவது நடந்திருந்தால், அந்தப் பதிவைப் பார்த்த அன்றே சிம் கார்டுகள் மாறும், கணக்குகள் காலியாகும், எங்களுக்குக் கிடைத்திருக்க வேண்டிய தடயம் போய்விடும். இரண்டாவதுதான் எனக்கு அதிகம் வலிக்கும்.

புகாரை அந்தப் பந்தயத்தை நடத்தும் ஆணையத்தின் நேர்மைப் பிரிவுக்கு அனுப்புங்கள், அப்படி ஒரு பிரிவு இல்லாத இடத்தில் ஸ்டூவர்டுகளுக்கு. நீங்கள் கட்டிய நிறுவனத்துக்கும் ஒரு பிரதி போகட்டும், கணக்குகளைத் திறந்து பார்க்கும் வசதி அவர்களிடம்தான் இருக்கிறது. ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள்: எந்த ரேஸ், எந்தத் தேதி, டோட்டா எக்ஸ்சேஞ்சா, எந்த நேரத்தில் என்ன விலை. ஸ்கிரீன்ஷாட்டை வெட்டாமல், மேலே அம்பு வட்டம் எதுவும் போடாமல் அசலாக வையுங்கள், நேரம் தெரிய வேண்டும். ரேஸ் ஓட்டத்தில் உறுத்தியது எந்த இடம் என்று தூரக் குறிப்போடு சொல்லுங்கள், '600 மீட்டர் மிச்சமிருக்கையில் இடைவெளி இருந்தும் போகவில்லை' என்பது மாதிரி. 'ஃபிக்ஸ்' என்ற வார்த்தையை எழுதாதீர்கள், பார்த்ததை மட்டும் எழுதுங்கள். யாராவது ரேஸுக்கு முன்பே உங்களிடம் ஏதாவது சொல்லியிருந்தால் அதுதான் கடிதத்தின் முதல் வரியாக இருக்க வேண்டும், அப்படி ஒரு வரி இந்த ஸ்கிரீன்ஷாட்டுகள் எல்லாவற்றையும்விட எங்களுக்குப் பயன்படும். பதில் பெரும்பாலும் 'பெற்றுக்கொண்டோம்' என்ற ஒரு வரியோடு நின்றுவிடும். விசாரணை நடக்கிறதா இல்லையா என்பதைப் புகார் கொடுத்தவரிடமும் சொல்ல மாட்டோம், அதற்காகக் குப்பையில் போட்டுவிட்டோம் என்று நினைக்க வேண்டாம்.